அடிக்கணக்கில் பேச வேண்டிய ஆபத்து: வன்னியில் காலநிலை எச்சரிக்கையும் நம்பிக்கையும்

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியில், புனரமைக்கப்பட்டுக் கொள்ளளவு கூட்டப்பட்ட இரணைமடுக் குளத்தை 2018 டிசம்பர் தொடக்கத்தில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்துவைத்தார். அதே மாதம் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மழை கொட்டித் தீர்த்தது. குளம் நிரம்பி வழிந்தது. வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளைப் பக்கத்துத் தாழ்நிலக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. பல்லாயிரம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். காலபோக வயல்கள் நீரில் மூழ்கின, ஆடுமாடுகள் அடித்துச் செல்லப்பட்டன.

நீர் வடிந்ததும் எழுந்த சர்ச்சை, மாகாண ஆளுநர் மட்டத்தில் விசாரணைக்குழு அமைக்கும் அளவுக்குப் போனது. மழை ஏன் பெய்தது என்று யாரும் கேட்கவில்லை. கதவுகளை எப்போது திறந்தார்கள், முன்கூட்டியே திறந்திருக்க முடியாதா என்பவையே கேள்விகள். காலநிலை மாற்றத்தின் ஆபத்தை மக்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. வன்னியைப் பொறுத்தவரை அந்த ஆய்வு இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் இங்கே ஆபத்து ஒரு குளத்தின் நீர்மட்டமாக, ஒரு கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவாக, மனிதர்கள் முன் வந்து நிற்கிறது.

இருபக்க ஆபத்து

வன்னி உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களுக்குள் பெய்துவிடும். அந்த மழையில் காலபோகம் விளைகிறது. அந்த மழையைக் குளத்தில் தேக்கிவைத்தால்தான் அடுத்த ஆண்டின் சிறுபோகம். ஆகவே மார்கழியில் நிறைகுளம் என்பது வரப்போகும் சிறுபோகத்தின் முழு முதல். அதை ஆற்றில் திறந்துவிட்டபின் எதிர்பார்த்த மழை பொய்த்தால், வைகாசியில் வயல்கள் தரிசாகக் கிடக்கும். திறக்காமல் வைத்திருந்து மழை கொட்டினால், குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஊர்கள் மூழ்கும். 2016, 2017 ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியைப் பார்த்த உழவரிடமும் பொறியியலாளரிடமும் 2018 மார்கழியில் எந்தப் பயம் மேலோங்கியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

காலநிலை மாற்றம் இந்த இரண்டு பயங்களையும் ஒருசேரப் பெருக்குகிறது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு தனது ஆறாவது மதிப்பீட்டில், 1850–1900 காலத்தோடு ஒப்பிட 2011–2020 பத்தாண்டில் உலகின் சராசரி மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்துவிட்டது என்றது. வெப்பம் ஒரு பாகை கூடும்போது மிகக் கனமான மழைப்பொழிவு உலகளவில் ஏறத்தாழ 7 விழுக்காடு வலுக்கிறது என்றும் அது சொல்கிறது. சூடான காற்று கூடுதல் நீராவியைச் சுமக்கும் என்பதே காரணம். அதே சூடு மண்ணிலும் குளத்திலும் இருக்கும் நீரை விரைவாக உறிஞ்சியும் விடுகிறது.

ஏழு விழுக்காடு என்ற எண்ணைக் கேட்டு எந்த உழவரும் முடிவெடுக்க முடியாது. அதைக் குளத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். இரணைமடுவின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 227 சதுர மைல், அதாவது 1,45,000 ஏக்கருக்குச் சற்றுக் கூட. அப்பரப்பு முழுவதும் 100 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் பாதி மண்ணில் ஊறி மறைந்தாலும், ஏறத்தாழ 24,000 ஏக்கர் அடி நீர் குளத்தை நோக்கி வரும். புனரமைப்புக்கு முந்திய கொள்ளளவான 106,500 ஏக்கர் அடியில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இதே பரப்பில் 200 மில்லிமீற்றராகப் பெய்திருக்கக்கூடிய மழை 7 விழுக்காடு வலுத்து 214 ஆனால், அந்தப் 14 மில்லிமீற்றர் மட்டுமே, மண்ணில் ஊறுவதைக் கழிக்குமுன், 6,600 ஏக்கர் அடிக்கு மேல் வரும். உலக சராசரிக் கணக்கு ஒரு தனி இடத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஆபத்தின் பருமனை உணர்த்த இத்தகைய கணக்கே பயன்படும், ஏனென்றால் வன்னியில் நீர் அடியிலும் ஏக்கர் அடியிலும்தான் பேசப்படுகிறது. "குளம் எத்தனை அடி?" என்ற கேள்வி கிளிநொச்சித் தேநீர்க் கடைகளில் ஐப்பசி பிறந்ததும் தொடங்கிவிடும்.

சராசரியை நம்பாத மக்கள்

காலநிலை பற்றிய பரப்புரைகள் பல, மக்கள் அறியாதவர்கள் என்ற எண்ணத்தில் தொடங்குகின்றன. 2007–2008 இல் கலப் நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பை அடிப்படையாக வைத்து 2015 இல் வெளியான ஆய்வு ஒன்று, உலகின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் காலநிலை மாற்றம் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று காட்டியது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு இங்கே கூடுதல் முக்கியம். ஐரோப்பாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் ஆபத்துணர்வைத் தீர்மானிப்பது, இம்மாற்றத்துக்கு மனிதரே காரணம் என்ற புரிதல். ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றிலோ, தம் ஊரின் வெப்பம் மாறிவிட்டது என்ற நேரடி உணர்வே அதைத் தீர்மானிக்கிறது. பாடத்தைக் கேள்விப்படாதவரும் மாற்றத்தைக் கண்டிருக்கிறார்.

கிளிநொச்சி உழவர்கள் எண்களை எப்படி அணுகுகிறார்கள் என்பதற்கு இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டமே சான்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2010 இல் ஒப்புதல் பெற்ற அந்தக் குடிநீர்த் திட்டத்தை உழவர்கள் உறுதியாக எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தவர் குடிநீர் கேட்பதில் நியாயம் உண்டு. உழவரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. சராசரி ஆண்டில் மிஞ்சும் நீரைக் காட்டித் திட்டத்தை விளக்கினால், மழை பொய்த்த ஆண்டில் முதலில் வெட்டப்படுவது யாருடைய பங்கு என்ற கேள்வி விடையின்றி நிற்கும். முடிவில் யாழ்ப்பாணத்துக்கான நீர் கடலிலிருந்து எடுக்கப்பட்டது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது.

இந்த விவாதத்தைப் பிரதேசப் பூசலாக மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் அதிலிருந்த பாடத்தைத் தவறவிட்டார்கள். காலநிலை ஆபத்தின் சாரமே, பழைய சராசரி இனி வழிகாட்டாது என்பதுதான். அதை அந்த உழவர்கள் யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்டவர்களிடம் போய் நிழற்படங்கள் காட்டி, பனிப்பாறை உருகுகிறது என்று வகுப்பெடுப்பது நேரத்தை வீணாக்குவது. அவர்களுக்குத் தேவை, தாமே எடுக்க வேண்டிய முடிவுக்கு உதவும் தகவல்.

யார் சொல்கிறார்கள்?

தகவல் சரியாக இருந்தாலும், சொல்பவரை நம்பாவிட்டால் அது எச்சரிக்கையாகாது. ஆபத்தை மனிதர் எப்படி உணர்கிறார்கள் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் போல் ஸ்லோவிக், நம்பிக்கை மெதுவாகக் கட்டப்பட்டு விரைவாக உடைகிறது என்று 1993 இல் எழுதினார். ஒருமுறை உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் பிடிக்கும், சிலவேளை திரும்பாமலே போகும் என்பது அவர் கருத்து.

வன்னி மக்களுக்கு இது ஏட்டுப் பாடமல்ல. உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தில், 2009 ஜனவரியில், அரசு 'பாதுகாப்பு வலயம்' ஒன்றை அறிவித்து மக்களை அங்கே போகச் சொன்னது. போன மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை இதைப் பதிவுசெய்திருக்கிறது. ஓர் அறிவிப்பை நம்பி ஓரிடத்துக்குப் போய், அங்கேயே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் முல்லைத்தீவில் வாழ்கிறார்கள். "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்ற சொற்றொடர் அவர்கள் காதில் எப்படி விழும் என்பதைச் சிந்திக்காத எந்த அனர்த்த எச்சரிக்கைத் திட்டமும் வன்னியில் அரைகுறையானதுதான். சுனாமியும் அந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கடற்கரையில் மக்கள் கூட்டமாக மாண்டபோது, யாரிடமிருந்தும் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. முதலில் சொல்லாமல் விட்டார்கள், பிறகு சொன்னதை நம்பியவர்கள் அழிந்தார்கள். இந்த இரட்டைக் காயத்தின் மேல்தான் இன்றைய எச்சரிக்கைகள் வந்து விழுகின்றன.

சுனாமிக்குப் பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதன் மாவட்டப் பிரிவுகளும் உருவாயின. கொழும்பிலிருக்கும் வளிமண்டலவியல் திணைக்களம் முன்னறிவிப்பைத் தர, அது மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் வழியாகக் கிராம அலுவலரை அடைய வேண்டும் என்பது ஏற்பாடு. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டு, மலையகம் தொடங்கி வன்னி வரை வெள்ளமும் மண்சரிவுமாக அறுநூறுக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டபோது, எச்சரிக்கைகள் தமிழில் வரவில்லை, வந்தாலும் பிந்தி வந்தன என்ற குற்றச்சாட்டுப் பரவலாக எழுந்தது. 1987 இன் 13 ஆவது திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. புயல் நேரத்தில் மொழியுரிமை உயிருரிமையாகிறது. ஒரு மணி நேரம் பிந்திய மொழிபெயர்ப்பு, கண்டாவளையில் ஒரு குடும்பம் மாடுகளை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஏறும் நேரத்தைப் பறித்துவிடும்.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிவருபவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா. தாழமுக்கம் உருவாகும்போதெல்லாம் அது எங்கே நகரும், வடக்கிலும் கிழக்கிலும் எப்போது மழை பெய்யும் என்பதை அவர் சமூக வலைத்தளத்தில் தமிழில் எழுதுகிறார். தமிழ் நாளேடுகள் அதை எடுத்து வெளியிடுகின்றன. தமிழ்நாட்டில் தனிப்பட்ட முறையில் வானிலையைக் கணித்துச் சொல்லும் பிரதீப் ஜோன் செய்வதும் இதைப் போன்றதே. இருவரையும் மக்கள் தேடிப் போவதற்குக் காரணம், அவர்கள் கேட்பவரின் மொழியில், கேட்பவரின் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார்கள் என்பதே. ஆனால் ஒரு பிரதேசத்தின் பாதுகாப்பு ஒரு தனிமனிதரின் உழைப்பில் தொங்கிக்கொண்டிருப்பது சரியல்ல. அவரிடமிருந்து அரச நிறுவனங்கள் கற்க வேண்டியது, பேசும் முறையை.

வானிலை என்ன செய்யும்?

2022 டிசம்பர் இரண்டாம் வாரம் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் தமிழ்நாட்டை நோக்கி நகர்ந்தது. இலங்கையைத் தாக்காத புயல் அது. ஆனால் அது இழுத்துவந்த குளிர்காற்றும் மழையும் வன்னியிலும் கிழக்கிலும் பட்டி மாடுகளைச் சாய்த்தன. ஓரிரு நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள், எருமைகள், ஆடுகள் இறந்துபோயின. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பால்மாட்டை நம்பியிருந்த குடும்பங்கள் ஒரே இரவில் வருமானத்தை இழந்தன. காலபோகத்தில் வயல்களெல்லாம் பயிராகிவிடுவதால் மாடுகளைக் காட்டோரங்களுக்கும் மேய்ச்சல் வெளிகளுக்கும் சாய்த்துச் செல்வது வன்னி வழக்கம். கூரையில்லாத பட்டியில் நனைந்தபடி நின்ற, மெலிந்த மாடுகளுக்கு அந்தக் குளிர் தாங்கவில்லை.

கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவருக்குச் சொல்வதில் நம் எச்சரிக்கை முறை பழகியிருக்கிறது. மாடு வளர்ப்பவருக்குச் சொல்ல அது பழகவில்லை. உலக வானிலை அமைப்பு 2015 இல் வெளியிட்ட வழிகாட்டி, வானிலை எப்படி இருக்கும் என்பதோடு நிற்காமல் அது என்ன செய்யும் என்பதையும் முன்னறிவிக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டது. வன்னியில் அதற்கு மழையளவும் காற்றின் வேகமும் போதா. எந்தக் குளத்துக்குக் கீழே யார் வீடு, எந்தப் பட்டி எந்த வெளியில், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர், போரில் காலிழந்தவர், தனித்துக் குடும்பம் நடத்தும் பெண் என்பவையெல்லாம் தெரிய வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கமக்காரர் அமைப்புக்கும் மட்டும் சொல்லிவிட்டால், போருக்குப் பின் பெண்களே தலைமையேற்ற ஏராளமான குடும்பங்களுக்குச் சேதி போய்ச்சேரும் என்பதற்கு உறுதியில்லை.

சொன்னது நடக்காமல் போகும் நாளைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரேவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. முன்கூட்டியே பல்லாயிரக்கணக்கானோர் கரையோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர். அஞ்சிய அளவுக்கு அழிவு நேரவில்லை. ரொபின் டிலன், கதரின் டின்ஸ்லி உள்ளிட்டோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, நூலிழையில் தப்பியவர்கள் அடுத்த புயலின்போது கூடுதல் அலட்சியம் காட்டுவதுண்டு என்று கண்டது. ஒன்றும் ஆகாதது நல்வாய்ப்பால்தான் என்பதை உணராமல், ஆபத்தே இருக்கவில்லை என்று மனம் எண்ணிக்கொள்கிறது. ஆகவே புயல் விலகிய மறுநாளும் ஓர் அறிவிப்பு வேண்டும். என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எவ்வளவு தூரத்தில் தப்பினோம் என்பதை அது சொல்ல வேண்டும்.

நிகழ்தகவைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. கேர்ட் கிகெரென்சர் குழுவினர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், "நாளை மழைக்கு 30 விழுக்காடு வாய்ப்பு" என்பதற்கு ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலான், நியூயோர்க் ஆகிய ஐந்து நகரங்களின் மக்களிடம் பொருள் கேட்டனர். நியூயோர்க்கில் மட்டுமே பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களில் பலர், நாளில் முப்பது விழுக்காட்டு நேரம் மழை பெய்யும் அல்லது நிலப்பரப்பில் முப்பது விழுக்காட்டில் பெய்யும் என்று எண்ணினர். எதில் முப்பது என்பதைச் சொன்னால் குழப்பம் தீரும். இதுபோல் தாழமுக்கம் வந்த பத்துத் தடவைகளில் எத்தனை தடவை இந்தக் குளம் வான் பாய்ந்தது என்று சொன்னால், அதைக் கேட்கும் உழவர் தன் நினைவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

முன்னே நடந்தவர்கள்

2004 இல் புதுச்சேரிக் கரையோரத்து நல்லவாடு கிராமத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரத்தையும் மீன்பிடிச் செய்திகளையும் நாள்தோறும் ஒலிபெருக்கியில் சொல்ல அது உருவாக்கப்பட்டது. சுனாமி அன்று, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அதே ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் ஓடித் தப்பினர். நாள்தோறும் பயன்தரும் செய்தியைச் சொல்லிவந்த குரல் என்பதால், ஆபத்து நாளில் அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

வங்காளதேசம் இதைப் பெரிய அளவில் செய்தது. 1970 இன் போலாப் புயல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், 1972 இல் புயல் முன்னாயத்தத் திட்டம் தொடங்கியது. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் உண்டு. ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். அபாயம் கூடக்கூட ஏற்றும் கொடிகளின் எண்ணிக்கை கூடும், கையில் ஒலிபெருக்கியோடு வீடுவீடாகப் போவார்கள். 1991 இன் புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட நாட்டில், 2007 இன் சிடர்ப் புயலில் அரச கணக்கின்படி இறந்தோர் ஏறத்தாழ 3,400. புயற்காப்பகங்களும் நல்ல முன்னறிவிப்பும் துணைநின்றன. ஆனால் கதவைத் தட்டியது அயல்வீட்டார்.

இருக்கும் அவையைப் பயன்படுத்துதல்

வன்னிக்கு இதற்கெல்லாம் புதிய அமைப்பொன்றைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர், கமநல அலுவலர், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். குளத்தில் எத்தனை அடி நீர், எத்தனை ஏக்கருக்குச் சிறுபோகம், எந்த நாளில் விதைப்பு, எந்த நாளில் நீர்விநியோகம் நிறுத்தம் என்பவை அங்கே வாதிட்டு முடிவாகின்றன. அளவும் ஐயமும் பங்கீடும் பொறுப்பும் ஒரே அவையில் பேசப்படுவதால், இதைவிடப் பொருத்தமான காலநிலை அவை வேறில்லை. இப்போது அங்கே பேசப்படுவது பயிருக்கான நீர். வெள்ளத்துக்கான நீரையும் அங்கே பேசலாம்.

காலபோகக் கூட்டத்திலேயே மார்கழிக்கான ஒப்பந்தம் ஒன்று வேண்டும். கார்த்திகை முடிவில் குளம் இத்தனை அடியைத் தாண்டி, முன்னறிவிப்பும் இத்தனை மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால், கதவுகள் இத்தனை அங்குலம் திறக்கப்படும் என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். திறந்தபின் மழை பொய்த்துச் சிறுபோகம் குறைந்தால் அந்த இழப்பு எப்படிப் பகிரப்படும், யாருக்கு எந்த நிவாரணம் என்பதும் அதில் இருக்க வேண்டும். அப்படி எழுதினால், நள்ளிரவில் ஒரு பொறியியலாளர் தனியே தோளில் சுமக்கும் முடிவு ஊரின் முடிவாகும். அந்தக் கூட்டத்தில் குளத்துக்குக் கீழே வாழ்பவர்களும், பால் கூட்டுறவுச் சங்கங்களும், பெண்களின் அமைப்புகளும் உட்கார வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, பாவற்குளம், அக்கராயன் என ஒவ்வொரு குளத்துக்கும், இரணைமடுவுக்குச் செய்தது போன்ற கணக்கைச் சரியாகச் செய்து கூட்டத்தில் வைப்பது அவற்றின் கடமை.

அதே அவை, போகம் முடிந்ததும் மீண்டும் கூடி எச்சரிக்கைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். எது சரியாக வந்தது, எது தவறியது, தவறியதற்கு யார் பதில் சொல்கிறார் என்பதை மக்கள் முன்னிலையில் பதிய வேண்டும். கேள்வி கேட்கும் உரிமையோடு சேர்ந்து வரும் எச்சரிக்கையைத்தான் வன்னி நம்பும். ஏனெனில் கேள்வி கேட்க முடியாத அறிவிப்புகளுக்கு அது கொடுத்த விலை மிகப் பெரியது.

காலநிலை மாற்றத்தை வன்னி மக்கள் உருவாக்கவில்லை. அதன் சுமையை மட்டும் சுமக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது அனுதாபமோ பயமுறுத்தலோ அல்ல. அவர்களுடைய மொழியில், அவர்களுடைய அளவையில், உரிய நேரத்தில், பொறுப்பேற்கும் ஒருவர் வாயால் வரும் உண்மை. அதைக் கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுக்க அவர்களுக்குத் தெரியும். தலைமுறைகளாகக் குளத்தைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள், ஆபத்தையும் பங்கிட்டுக்கொள்ள வல்லவர்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்குரிய இடத்தைக் கொடுப்பதே அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டிய முதல் வேலை.